பக்கி ஏன் சாப்பிடல? முயலும் கீரையும் ஒரு பொங்கல் லீவும்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் வெட்டியிருக்கோம்.)



இந்த ஷோவைத் தொடர்ந்து கேக்குறவங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கும். நான் பேசிட்டு இருக்கும்போது பின்னாடி திடீர்னு ‘டப்’புன்னு ஒரு சத்தம் வரும். மைக் கீழ விழுந்துச்சா, பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கிறாங்களான்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ரெண்டும் இல்ல. அது பக்கி. என் முயல். ஏதாவது பிடிக்கலன்னா பின்னங்காலால தரையை ஓங்கி ஒரு அடி அடிக்கும்.

பக்கிக்கு நாலு வயசு, 2 கிலோ எடை. பெங்களூர்ல என் ரூம்மேட் வாங்கினது. அவன் ஆன்சைட் கிளம்பும்போது “ஒரு மாசம் பாத்துக்க மச்சி”ன்னு விட்டுட்டுப் போனான். மூணு வருஷம் ஆச்சு. பக்ஸ் பன்னி ஞாபகமா ‘பக்ஸ்’னுதான் அவன் பேர் வெச்சிருந்தான். அது தின்ற வேகத்தைப் பாத்துட்டு எங்க அம்மா ‘பக்கி’ன்னு மாத்திட்டாங்க. அந்தப் பேருதான் நிலைச்சுது.

போன மாசம் பக்கி போட்டோ போட்டதுல இருந்து உங்ககிட்ட இருந்து வர்ற கேள்வி எல்லாம் ஒரே மாதிரி. கேரட் எத்தனை குடுக்கலாம், முருங்கைக்கீரை குடுக்கலாமா, ஆப்பிள் ஓகேவா, எங்க முயல் பிஸ்கட் கேட்டு அழுதே என்ன பண்றது. இந்த எபிசோட் அதுக்குப் பதில். ஆனா நேரா லிஸ்ட்டுக்குப் போக மாட்டேன். இந்த லிஸ்ட்டுக்குப் பின்னாடி ஒரு முயலோட சாவு இருக்கு. இன்னொன்னு கிட்டத்தட்ட செத்துப் பொழைச்சது. ரெண்டுலயும் தப்பு என் பக்கம்தான்.

முதல் முயல்

எங்க ஊர் தம்மம்பட்டி. சேலம் மாவட்டம், ஆத்தூருக்குத் தெற்கே, ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சமலை. மரச்சிற்பத்துக்குப் பேர் போன ஊர். கோயில் வாகனம், கதவு, சாமி சிலைன்னு உளிச் சத்தம் கேட்டுட்டே இருக்கும். நான் ஆறாவது படிக்கும்போது சந்தையில ஒரு வெள்ளை முயல்குட்டி வாங்கிட்டு வந்தோம். மாமா பட்டறையில மிஞ்சின வாகைப் பலகையில கூண்டு அடிச்சுக் குடுத்தார். கதவுல சின்னதா ஒரு பூ கூட செதுக்கியிருந்தார்.

அந்த முயலுக்கு நான் என்ன குடுத்தேன் தெரியுமா? கேரட். தினமும் ரெண்டு கேரட். அப்புறம் முட்டைக்கோஸ் இலை, என் ஸ்நாக்ஸ் டப்பாவுல இருந்து பிஸ்கட், ராத்திரி கொஞ்சம் சோறு. புல் குடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. புல் ஆட்டுக்கு, முயலுக்கு கேரட். டிவியில அப்படித்தானே காட்டினாங்க.

ஒன்பதாவது நாள் காலையில கூண்டுல விறைச்சுக் கெடந்துச்சு. வயிறு கல்லு மாதிரி உப்பியிருந்துச்சு. “வெயில் தாங்கல”ன்னு சொன்னாங்க. “யாரோ கண்ணு வெச்சுட்டாங்க”ன்னும் சொன்னாங்க. நானும் அழுதுட்டு, நம்பிட்டு, விட்டுட்டேன். அது எதனால செத்திருக்கும்னு எனக்குப் புரியறதுக்குப் பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு.

இந்த கேரட் கதை எங்கிருந்து வந்துச்சு? பெரும்பாலும் கார்ட்டூன்ல இருந்து. பக்ஸ் பன்னி முழு உருவத்தோட திரைக்கு வந்தது 1940ல. கேரட்டைக் கடிச்சுக்கிட்டே பேசுற அந்த ஸ்டைல், 1934ல வந்த ஒரு ஹாலிவுட் காமெடிப் படத்துல கிளார்க் கேபிள் கேரட் தின்னுக்கிட்டே பேசுற சீனைக் கிண்டல் பண்றதுக்காக வெச்சதுன்னு சொல்வாங்க. அதாவது ஒரு நடிகரைக் கலாய்ச்ச ஜோக். அதைப் பாத்துட்டு உலகம் பூரா குழந்தைங்க முயலுக்கு கேரட் ஊட்டிட்டு இருக்கோம். கேரட் கிழங்கு முயலுக்கு இனிப்பு மாதிரிதான். தினசரி சாப்பாடு கெடையாது. அதோட மேல இருக்குற பச்சைத் தழை இருக்கு பாருங்க, அதைத்தான் நிஜமா குடுக்கலாம். நாம கிழங்கைக் குடுத்துட்டு தழையைக் குப்பையில போடுறோம்.

வயித்துக்குள்ள என்ன நடக்குது?

இதைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க. இது புரிஞ்சுட்டா லிஸ்ட்டே தேவையில்ல.

நாம வீட்டுல வளக்குற முயலோட மூதாதை ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் காட்டு முயல். நம்ம கரட்டுல ஓடுற காட்டு முயல் வேற இனம். அதைப் பிடிக்கவோ வளக்கவோ கூடாது, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு. வீட்டு முயலோட மூதாதைக்கு முக்கியச் சாப்பாடு புல். சத்து கம்மி, நார் ஜாஸ்தி. அந்தப் புல்லை வெச்சு வாழறதுக்குத்தான் அதோட உடம்பே அமைஞ்சிருக்கு.

முதல்ல பல்லு. முயலுக்கு மொத்தம் 28 பல்லு, எல்லாமே சாகுற வரைக்கும் வளரும். முன்பல் மட்டும் வாரத்துக்கு சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். புல்லைப் பக்கவாட்டுல அரைச்சு அரைச்சுத்தான் அது தேயணும். கேரட் கெட்டியா இருக்கே, அது பல்லைத் தேய்க்காதான்னு நானும் நினைச்சேன். நாலு கடியில கேரட் முடிஞ்சுடும். புல்லை மணிக்கணக்குல அரைக்கும்.

அடுத்து குடல். சின்னக்குடல் முடிஞ்சு பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்துல ஒரு பெரிய பை இருக்கு. சீக்கம்னு பேரு. நமக்குக் குடல்வால் ஒட்டிட்டு இருக்குற அதே இடம். ஆனா முயலுக்கு வயித்துக்குள்ள இருக்கிறதுலயே பெரிய உறுப்பு அதுதான். அதுக்குள்ள கோடிக்கணக்கான பாக்டீரியா. நம்ம தோசை மாவு மாதிரி, நாரை அங்க புளிக்க வெச்சு சத்து எடுக்குது. பெரிய நாரெல்லாம் குடலைத் தள்ளி நகர்த்திட்டு உருண்டைப் புழுக்கையா வெளிய போயிடும். புளிச்ச பகுதி, ராத்திரியிலயோ விடிகாலையிலயோ, திராட்சைக் கொத்து மாதிரி மெத்துன்னு வரும். அதை முயல் கீழயே விழ விடாம நேரா வாய் வெச்சுத் தின்னுடும். சீன்னு சொல்லாதீங்க. அதுல புரதம் இருக்கு, பி வைட்டமின் இருக்கு. அது முயலோட ரெண்டாவது சாப்பாடு.

இப்ப இதுக்குள்ள வாழைப்பழம், பிஸ்கட், சோறு இதையெல்லாம் நிறைய போடுறோம்னு வெச்சுக்கோங்க. நார் இல்லாததால குடல் நகர்றது மெதுவாகும். சர்க்கரையும் மாவும் சீக்கத்துக்குப் போயி, வேண்டாத பாக்டீரியா பெருகும். கேஸ் வரும். வலி வரும். வலி வந்தா சாப்பிடாது. சாப்பிடலன்னா குடல் இன்னும் மெதுவாகும். லூப்புல மாட்டின புரோகிராம் மாதிரி, தானா வெளிய வராது. முயலால வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ள போனது கீழ் வழியாத்தான் போயாகணும்.

என் முதல் முயலுக்கு நடந்தது அனேகமா இதுதான். வெயிலும் இல்ல, கண்ணும் இல்ல.

பொங்கல் லீவு

சரி, படிச்சுட்டேன், தெரிஞ்சுக்கிட்டேன். பெங்களூர்ல பக்கிக்கு எல்லாம் கரெக்டா போயிட்டு இருந்துச்சு. ஆன்லைன்ல திமோத்தி புல், அளந்து வெச்ச கொத்தமல்லி, எக்ஸெல்ல ஒரு ஷீட் வேற. போன வருஷம் பொங்கலுக்கு முதல் தடவையா பக்கியைத் தம்மம்பட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

வீடு நிறைய ஆளுங்க. அக்கா பசங்க, சித்தப்பா பசங்க, தெருப் பசங்க. எல்லாருக்கும் பக்கி மேல பாசம். நான் மாடியில லேப்டாப்போட உக்காந்திருக்கேன், ஆன்கால். கீழ ஆளாளுக்கு ஒரு துண்டு. ஒருத்தன் கரும்பு. ஒருத்தி வாழைப்பழம். அம்மா ரெண்டு திராட்சை. பக்கத்து வீட்டு அண்ணி சக்கரைப்பொங்கல்ல இருந்து முந்திரி. கேட்டா எல்லாரும் சொல்றது, “நான் ஒண்ணே ஒண்ணுதான் குடுத்தேன்.” அது உண்மையும் கூட. ஆனா மொத்தம் எவ்வளவு போச்சுன்னு வீட்டுல ஒருத்தருக்கும் கணக்கு தெரியாது.

மாட்டுப் பொங்கல் அன்னைக்கு ஒரு பையன் வயல்ல இருந்து கை நிறைய பச்சைத் தழை பறிச்சுட்டு ஓடி வந்தான். நல்லா விரிஞ்ச கை மாதிரி இலை. கூண்டுகிட்ட நீட்டுறான். எங்க அம்மாயி, எழுபது வயசு தாண்டினவங்க, திண்ணையில இருந்து எந்திரிச்ச வேகத்தை நான் அதுக்கு முன்ன பாத்ததில்ல. தழையைப் பிடுங்கி வாசல்ல வீசிட்டாங்க.

“ஏஞ்சாமி, குச்சிக்கெழங்குத் தழைடா அது! ஆடே தாங்காது, இந்தக் குருணி தாங்குமா?”

எங்க பக்கம் குச்சிக்கிழங்குன்னா மரவள்ளி. சேலம், நாமக்கல் முழுக்க விளையுது. ஜவ்வரிசி அதுல இருந்துதான் வருது. அதுக்குன்னே சேகோசர்வ்னு ஒரு கூட்டுறவுச் சங்கம் 1981ல இருந்து சேலத்துல இருக்கு. ஆனா அந்தப் பச்சை இலையை மென்னா ஹைட்ரஜன் சயனைடு வெளிய வரும். இலைக்குள்ள லினமாரின்னு ஒண்ணு இருக்கு, இலை நசுங்கும்போது ஒரு நொதி அதோட சேந்து விஷமாகுது. மரவள்ளிக் காட்டுல புகுந்து ஆடு செத்த கதை எங்க ஊர்ல எல்லா வீட்டுலயும் ஒண்ணு இருக்கும். நான் படிச்சு வெச்சிருந்த எந்த இங்கிலீஷ் லிஸ்ட்லயும் இந்த இலை என் கண்ணுல படல. அதை எழுதினவங்க ஊர்ல வாசலுக்கு எதிர்க்க மரவள்ளி இல்ல.

அம்மாயி அந்தத் தழையைத் தடுத்துட்டாங்க. ஆனா கரும்பும் வாழைப்பழமும் ஏற்கெனவே உள்ள போயிருச்சு.

அன்னைக்கு சாயங்காலம் பக்கி ஒரு மூலையில குறுகி உக்காந்துச்சு. கண்ணு பாதி மூடி, பல்லை நறநறன்னு கடிச்சுட்டு. கொத்தமல்லி நீட்டினேன், மோந்து கூட பாக்கல. நான் “டயர்டா இருக்கும், புது எடம்”னு விட்டுட்டேன். அம்மாயிதான் கூண்டுக்குள்ள கை விட்டுத் துழாவிட்டுக் கேட்டாங்க, “காலையில இருந்து புழுக்கை எங்கடா?” ஒண்ணு கூட இல்ல. அதுக்கு முந்தின நாள் போட்டது ரெண்டு மூணு மட்டும் மொளகு சைஸ்ல சுருங்கிக் கெடந்துச்சு.

ராத்திரி எட்டு மணிக்கு வண்டியை எடுத்தோம். முதல்ல போன இடத்துல முயல் பாக்கறதில்லன்னு சொல்லிட்டாங்க. ரெண்டாவது ஒரு கால்நடை டாக்டர் மேடம், வீட்டுல இருந்து கிளம்பி வந்து பாத்தாங்க. வயித்தைத் தடவிப் பாத்துட்டு முதல் கேள்வி, “என்ன குடுத்தீங்க தம்பி?” நான் லிஸ்ட் சொல்லச் சொல்ல அவங்க முகம் மாறிட்டே போச்சு. தோலுக்கடியில குளுக்கோஸ் மாதிரி திரவம் ஏத்தினாங்க, வலிக்கு ஊசி போட்டாங்க, குடல் நகர மருந்து. “விடியறதுக்குள்ள புழுக்கை போட்டா பொழைச்சுக்கும்.”

அந்த ராத்திரி நான் தூங்கல. புரொடக்ஷன் சர்வர் டவுன் ஆன ராத்திரி கூட எனக்கு அப்படி இருந்ததில்ல. அம்மாயி பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. திட்டல. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. “அதுக்குப் பசிக்குதுன்னு குடுத்தீங்களா, உங்களுக்கு ஆசையா இருக்குன்னு குடுத்தீங்களா?”

நாலரை மணிக்கு நாலு புழுக்கை. சின்னது, ஒழுங்கா உருண்டை கூட இல்ல. நானும் அம்மாவும் அதைப் பாத்துட்டு அழுதோம். வெளிய இருந்து யாராவது பாத்திருந்தா என்ன நினைச்சிருப்பாங்களோ.

அம்மாயி சொன்னதுல எது சரி, எது ஆட்டுக்கு மட்டும்

அந்த வாரம் பூரா அம்மாயிகிட்டயும் டாக்டர்கிட்டயும் மாத்தி மாத்திக் கேட்டுட்டே இருந்தேன். ரெண்டு பேரும் பல விஷயத்துல ஒத்துப் போனாங்க.

அம்மாயி சொன்னது: தழை பறிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் காட்டுக்காரர்கிட்ட மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சுன்னு கேளு. நூத்துக்கு நூறு சரி. முயலுக்கும் இது பொருந்தும். பருத்திக் காட்டு வரப்பு, களைக்கொல்லி அடிச்ச ஓரம், ரோட்டோரம், எதுவும் வேண்டாம்.

ரெண்டாவது, பறிச்ச தழையைக் குவிச்சு வெக்காதே, பரப்பி வை. இதுவும் சரி. குவிச்சா உள்ள சூடேறி அழுக ஆரம்பிக்கும். முயலுக்குப் பூசணம் பிடிச்ச, புளிச்ச தழை ஆபத்து. வாங்கின கீரைக்கட்டை கவர்ல கட்டி வெச்சு ரெண்டு நாள் கழிச்சுக் குடுக்குறது இதே தப்புதான்.

மூணாவது, ஈரத்தழை குடுக்காதே. இது பாதிதான் முயலுக்குப் பொருந்தும். பனி ஈரத்தோட இளசான பயறு வகைத் தழையை நிறைய மேஞ்சா ஆட்டுக்கு வயிறு உப்பும். முயலுக்கு, சுத்தமா கழுவி உதறின புதுக்கீரையில கொஞ்சம் ஈரம் இருந்தா பரவாயில்ல. எங்க ஊர் ஏப்ரல், மே வெயில்ல அந்த ஈரம் நல்லதும் கூட. முயலுக்கு வேர்க்காது. காது வழியாத்தான் சூட்டை வெளிய விடும். 30 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும். கொடைக்கானல் மேல்மலையில மன்னவனூர்ல மத்திய அரசோட செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கு, அங்கதான் முயலும் வளக்குறாங்க. அந்தக் குளிர் முயலுக்கு சுகம். நம்ம சமவெளியில நிழல், மண் சட்டித் தண்ணி, பச்சைத்தழை மூணும் வேணும்.

நாலாவது, ஆடு தின்றது எல்லாம் முயலும் தின்னும். இங்கதான் அம்மாயி தப்பு. ஆட்டுக்கு இரைப்பை நாலு அறை, சாப்பாடு முதல்ல அங்க புளிக்கும். அசை போடும், ஏப்பம் விடும். முயலுக்குப் புளிக்கிறது கடைசியில, குடலோட மறு கோடியில. கேஸ் மேல வர வழி இல்ல. ஆடு சமாளிச்சுடுற சோறு, வாழைப்பழத்தோல் குவியல், சக்கை எல்லாம் முயலை முடிச்சிடும். இதை நான் சொன்னதும் அம்மாயி கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, “அப்ப இது ஆட்டை விட நோஞ்சான்தான்”னு முடிச்சுட்டாங்க.

இப்ப லிஸ்ட்

சரி, பேனா எடுத்துக்கோங்க.

முதல் இடம் புல்லு. சாப்பாட்டுல பத்துல எட்டுப் பங்கு புல்லா இருக்கணும், அளவே கெடையாது, எந்நேரமும் கூண்டுல இருக்கணும். திமோத்திதான் வேணும்னு இல்ல. அது குளிர் நாட்டுப் புல்லு, வெலையும் ஜாஸ்தி. நம்ம அருகம்புல், கொழுக்கட்டைப்புல், கினியாப்புல், மாட்டுக்கு வளக்குற கம்பு நேப்பியர், எல்லாம் ஓகே. பச்சையாவும் குடுக்கலாம், நிழல்ல காயவெச்சும் குடுக்கலாம். சிட்டியில அருகம்புல் பிள்ளையார் கோயில் வாசல்ல பூக்கடையில கெடைக்கும். நல்லாக் கழுவிக் குடுங்க. வைக்கோல் படுக்கைக்கு சரி, சாப்பாட்டுக்கு சத்து பத்தாது. ஒரு எச்சரிக்கை: இளஞ்சோளத் தட்டை வேண்டாம். மரவள்ளி மாதிரியே அதுலயும் சயனைடு வரும், முக்கியமா தண்ணி இல்லாம வாடினப்போ.

ரெண்டாவது இடம் கீரை. 2 கிலோ முயலுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு கப், காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தினமும் குடுக்கலாம்ங்கிற பட்டியல்: கொத்தமல்லி, புதினா, கேரட் தழை, செம்பருத்தி இலையும் பூவும், துளசி கொஞ்சம், முள்ளங்கி இலை கொஞ்சம். ரெண்டு மூணு வகையா கலந்து, மாத்தி மாத்திக் குடுங்க.

அளவோட குடுக்க வேண்டியது: முருங்கை, அகத்தி. இதுதான் நிறைய பேர் கேட்டது. சத்தான கீரைதான், ஆனா பிரச்சனையே அந்தச் சத்துதான். நம்ம உடம்பு சாப்பாட்டுல இருந்து தேவையான அளவு கால்சியத்தைத்தான் உறிஞ்சும். முயல் உடம்பு சாப்பாட்டுல எவ்வளவு இருக்கோ அதுக்கேத்த மாதிரி உறிஞ்சிட்டு, மிச்சத்தை மூத்திரத்துல தள்ளும். முயல் மூத்திரம் கலங்கலா வெள்ளையா இருக்குறது அதனாலதான். ரொம்ப ஜாஸ்தியானா மூத்திரப்பையில சேறு மாதிரி தேங்கும், கல்லாகும். அகத்திக்கீரையில 100 கிராமுக்கு 900 மில்லிகிராமுக்குக் குறையாம கால்சியம் இருக்கு. கொத்தமல்லியில அதுல அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. அதனால முருங்கை, அகத்தி, குதிரைமசால், வேலிமசால் எல்லாம் வளர்ந்த முயலுக்கு வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள், ஒரு கொத்து. தமிழ்ல முயல் மசால்னே ஒரு தீவனச் செடி இருக்கு. பேர்ல முயல் இருக்குன்னு அதையே மூணு வேளையும் போட்டுடாதீங்க.

பாலக், முளைக்கீரை, தண்டுக்கீரை: ஆக்சலிக் அமிலம் ஜாஸ்தி. எப்பவாவது ரெண்டு இலை. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் இலை: சில முயலுக்கு கேஸ் வரும், துளியூண்டு குடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மூணாவது இடம், கடைசி இடம், பழம். வாரத்துல ரெண்டு மூணு நாள், ஒரு டீஸ்பூன் அளவு. ஆப்பிள்னா விதை எடுத்துட்டு. பப்பாளி, கொய்யா, வாழைப்பழம் ஒரு மெல்லிசு வட்டம். கேரட் கிழங்கும் இந்தக் கணக்குலதான் வரும். மூணு மாசத்துக்குக் கம்மியான குட்டிக்குப் பழமே வேண்டாம்.

குடுக்கவே கூடாது: மரவள்ளி இலை, வெங்காயம், பூண்டு, அவகாடோ, உருளை இலை, தக்காளிச் செடி, அரளி, எருக்கு, ஆமணக்கு, உண்ணிச்செடி. அப்புறம் பிஸ்கட், சாக்லேட், சோறு, பிரெட், கடலை. பால்கனியில அழகுக்கு வெச்சிருக்குற செடி எதுன்னு பேர் தெரியலன்னா, அதுவும் இந்த லிஸ்ட்லதான்.

ஒரு ரிலீஸ்ல ஒரு சேஞ்ச்

புதுசா எதையாவது குடுக்கணும்னா நம்ம ஆபீஸ் ரூல்தான். ஒரே நேரத்துல ஒரு மாற்றம். இன்னைக்கு செம்பருத்தி இலை ரெண்டு. அடுத்த ரெண்டு நாள் புழுக்கையைப் பாருங்க. உருண்டையா, காஞ்சு, எல்லாம் ஒரே சைஸ்ல இருந்தா அளவைக் கூட்டலாம். கொழகொழன்னு வந்தா நிறுத்திட்டுப் புல்லு மட்டும். மூணு கீரையை ஒரே நாள்ல ஆரம்பிச்சா எது ஒத்துக்கலன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்து, கூண்டு மேல ஒரு நோட்டு வைங்க. யார் என்ன குடுத்தாலும் அதுல எழுதணும். வீட்டுல எங்க பொங்கலுக்கு நடந்தது பேராசை இல்ல, ஒருத்தர் குடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாம போனது. இப்ப ஊருக்குப் போனா அந்த நோட்டு கூடவே வருது. அக்கா பொண்ணு அதுல ‘புதினா, 3 இலை, காலை 8 மணி’ன்னு என்னை விட ஒழுங்கா எழுதுறா. பசங்களுக்கு ஊட்டணும்னு ஆசைதான். அந்த ஆசைக்குக் கரும்பு தேவையில்ல. ஒரு பிடி அருகம்புல்லை ஒவ்வொண்ணா நீட்டினாலும் பக்கி அதே மாதிரிதான் வந்து வாங்குது.

எப்ப டாக்டர்கிட்ட ஓடணும்? முயல் வேட்டையாடப்படுற பிராணி, வலியை வெளிய காட்டாது. நமக்குத் தெரியும்போது ஏற்கெனவே லேட். 12 மணி நேரமா சாப்பிடல, இல்ல புழுக்கை போடலன்னா அது அவசரம். காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க. குறுகி உக்காந்து பல்லைக் கடிச்சா அது வலி. வயிறு உப்பிக் கெட்டியா இருந்தா நீங்களா வாயில எதையும் ஊத்தாதீங்க. வீட்டுல இருக்குற மாத்திரையும் வேண்டாம். அமாக்ஸிசிலின் மாதிரி நாம சாதாரணமா விழுங்குற ஆன்டிபயாடிக், முயல் குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியாவை அழிச்சு உயிரையே எடுத்துடும்.

இப்பவே ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஏரியாவுல முயல் பாக்குற டாக்டர் யாருன்னு நல்லா இருக்கும்போதே விசாரிச்சு நம்பர் வாங்கி வைங்க. சேலம், நாமக்கல் பக்கத்து ஆளுங்களுக்கு நாமக்கல்ல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, தலைவாசல் பக்கமும் ஒண்ணு வந்திருக்கு. ராத்திரி எட்டு மணிக்குத் தேட ஆரம்பிச்சா எப்படி இருக்கும்னு நான் பாத்துட்டேன்.

முடிக்கிறதுக்கு முன்னாடி. மாமா செஞ்ச அந்த வாகைக் கூண்டு இன்னும் பரண் மேல இருந்துச்சு. அந்தப் பொங்கல் முடிஞ்சு இறக்கித் தொடைச்சு, ஊருக்கு வரும்போது பக்கிக்கு அதுதான். கதவுல அந்தப் பூ அப்படியே இருக்கு. ஓரத்தைப் பக்கி கொஞ்சம் கடிச்சு வெச்சிருக்கு.

அம்மாயி இப்பவும் ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவாங்க. நான் சாப்பிட்டேனான்னு ரெண்டாவதாத்தான் கேப்பாங்க. முதல் கேள்வி, “பக்கி புழுக்கை போட்டுச்சா?”

போட்டுச்சு அம்மாயி. நல்லா உருண்டையா.

உங்க வீட்டு முயல் என்ன சாப்பிடுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. சந்தேகம் இருந்தா இலையோட போட்டோவும் சேத்து அனுப்புங்க, நானும் அம்மாயியும் பாக்குறோம். அடுத்த எபிசோட்ல பாக்கலாம் மக்களே. வரட்டா.